ஆஸ்திரேலியாவின் டூரிங் கார் பந்தய அணியான டிக் ஜான்சன் ரேசிங்கின் கதை என்ன? ஆஸ்திரேலியர்களுக்கு அதன் மேல் ஏன் இவ்வளவு பாசம்?

டூரிங் கார் பந்தயம் என்பது சாலையில் ஓடும் குடும்பக் கார்களின் உருவத்தில் அமைந்த கார்கள் வேகத்தில் போட்டியிடுவது. வீட்டு வாசலில் ஃபோர்டு ஃபால்கன் வைத்திருந்தவர்கள், பந்தயத்தில் ஓடிய ஃபால்கனையும் தங்கள் காராகவே பார்த்தார்கள். பாசத்தின் வேர் அதுதான்.

அணியை நிறுவிய ஓட்டுநரும் குயின்ஸ்லாந்துக்காரருமான டிக் ஜான்சன், 1980-இல் ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற நெடுந்தூரக் கார் பந்தயமான பாதர்ஸ்டில் ஃபோர்டு ஃபால்கனை ஓட்டி முன்னிலையில் இருந்தார். 17-வது சுற்றில் பாதையில் கிடந்த பாறையில் மோதி கார் நொறுங்கியது. தொலைக்காட்சி நேரலையில் அவர் கலங்கி நின்றதைப் பார்த்த மக்கள் தாங்களாகவே பணம் அனுப்பினார்கள். தெருவில் ஒரு வீடு எரிந்தால் அக்கம்பக்கத்தார் சேர்ந்து கூரை போட்டுக் கொடுப்பார்களே, அப்படி! ஃபோர்டு நிறுவனமும் அதற்கு ஈடான தொகையைத் தந்தது. அடுத்த ஆண்டே ஜான் ஃபிரெஞ்சுடன் சேர்ந்து அதே பாதர்ஸ்டை வென்றார். இதைவிட அழகான மீட்சியை நான் விளையாட்டில் கண்டதில்லை.

1989, 1994, 2019 ஆண்டுகளிலும் அங்கே அணி வென்றது.

பென்ஸ்கே பெயர் சேர்ந்திருந்த காலத்து அணியை வேறொன்று எனப் பலர் நினைக்கிறார்கள். அமெரிக்கரான ரோஜர் பென்ஸ்கே பெரும்பான்மைப் பங்கை வாங்கி, 2020-க்குப் பின் விலகினார், அணி அதேதான்.