தண்ணீர் பார்க்கப் போங்கள்: பீட்டர்ஹோஃப் கேள்வி பதில்

வேலை நிமித்தமாக ஏழு வருஷம் ரஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தேன். ஊரிலிருந்து யார் வந்தாலும், பக்கத்தில் கடலோரத்தில் பேரரசர் மகா பீட்டர் கட்டிய நீரூற்று அரண்மனையான பீட்டர்ஹோஃபுக்குக் கூட்டிக்கொண்டு போவது என் தலையில்தான் விழும். அப்பா அம்மா, அக்கா குடும்பம், மாமா, அவருடைய நண்பர்கள் என்று போய்ப் போய், டிக்கெட் கவுண்டர் அம்மாவுக்கே என் முகம் பழகியிருக்கும். கோடையில் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: அண்ணா, எங்களுக்குப் பீட்டர்ஸ்பர்க்கில் இரண்டே நாள். ஒரு அரண்மனைக்குத்தான் நேரம். பீட்டர்ஹோஃபா, அம்பர் அறை இருக்கிற கேத்தரின் அரண்மனையா? பிள்ளைகளுக்கு வயது 6, 10.

ப: ஆறு வயசுப் பிள்ளை இருக்கிறதென்றால் யோசிக்கவே வேண்டாம், பீட்டர்ஹோஃப். கேத்தரின் அரண்மனையைக் குறை சொல்லவில்லை. சுவரெல்லாம் அம்பர் என்ற தேன் நிறப் பிசின் கல் பதித்து, இரண்டாம் உலகப் போரில் காணாமல் போன அந்த அறையை 1979இல் தொடங்கி 2003 வரை உட்கார்ந்து திரும்பச் செய்திருக்கிறார்கள், பெரிய வேலை. ஆனால் என் அக்கா மகன் அதை இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "மாமா, தேன்மிட்டாய் மாதிரி இருக்கு, பாத்ரூம் எங்கே?" என்றான். பீட்டர்ஹோஃபில் அதே பையனைச் சாயங்காலம் வெளியே இழுத்து வர வேண்டியிருந்தது.

கே: எங்களுக்கு லீவு டிசம்பரில்தான் கிடைக்கும். பரவாயில்லையா?

ப: பனி பார்க்க வாருங்கள், பீட்டர்ஹோஃபுக்காக வராதீர்கள். குளிர்காலத்தில் நீரூற்றுகள் ஓடாது. சிலைகள் பலவற்றைப் பலகைப் பெட்டி போட்டு மூடிவிடுவார்கள். ஏப்ரல் கடைசி அல்லது மே தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடு வரைதான் தண்ணீர். ஜூனில் போனால் வெண்ணிரவும் சேர்ந்து கிடைக்கும், இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம் இருக்கும். ஆனால் ஜூலையிலும் ஆளுக்கொரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். பின்லாந்து வளைகுடாக் காற்று நம் மெரினா காற்று மாதிரி இல்லை.

கே: ஊரிலிருந்து எப்படிப் போவது? படகு நல்லதா, பஸ்ஸா?

ப: சுமார் 30 கிலோமீட்டர். போகும்போது படகு, வரும்போது பஸ் அல்லது ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'மெத்தியோர்' என்று ஒரு வேகப் படகு, அடியில் இறக்கை மாதிரித் தகடு இருக்கும். வேகம் பிடித்ததும் படகின் உடம்பு தண்ணீரை விட்டு மேலே எழும்பிவிடும். நகர மையத்தில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் நேராக, அரண்மனைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற கீழ்ப் பூங்காவின் படகுத்துறை. இறங்கியதும் நீளமான ஒரு கால்வாய், அதன் கடைசியில் மேட்டின் மேல் பொன்னிறமாக அரண்மனை. பீட்டர் தன் விருந்தாளிகளை வரவைத்ததும் கடல் வழியாகத்தான், அதனால் அந்தப் பக்கமிருந்து பார்ப்பதுதான் சரி. காற்று பலமாக இருந்தால் படகு ரத்தாகும். சாயங்காலம் திரும்பும் படகுக்கு வரிசை நீளும், குழந்தைகளை வைத்துக்கொண்டு அது வேண்டாம். அவ்தோவோ மெட்ரோ நிலையத்துக்குப் போகிற பஸ், வேன் எல்லாம் மேல் தோட்டத்து வாசலிலேயே கிடைக்கும். ரயிலென்றால் புதிய பீட்டர்ஹோஃப் ஸ்டேஷனிலிருந்து பால்டிக் ஸ்டேஷன்.

ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். கீழ்ப் பூங்கா டிக்கெட் ஒரு முறை உள்ளே போகத்தான். "வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம்" என்று கிளம்பினால் மறுபடி காசு.

கே: நான் குடிநீர்த் திட்டப் பொறியாளர். அங்கே இத்தனை நீரூற்றுக்கும் பம்பே கிடையாது என்கிறார்களே, நம்பலாமா சார்?

ப: நம்பலாம் சார். நீங்கள் கேட்டதுதான் அந்த இடத்தின் உயிர்நாடி.

நம் வீட்டு மொட்டைமாடி டேங்க்தான் கணக்கு. மேலே தண்ணீர் நின்றால் கீழே குழாயில் வேகம் இருக்கும். பீட்டர்ஹோஃபுக்குத் தெற்கே ரோப்ஷா என்ற மேட்டு நிலத்தில் ஊற்றுகள் இருக்கின்றன. அங்கிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் வெட்டிக் குளங்களில் தேக்கி, அங்கிருந்து குழாயில் இறக்குகிறார்கள். 1721இல் இதைச் செய்து முடித்தவர் வசீலி துவோல்கோவ் என்ற ரஷ்ய நீரியல் பொறியாளர். அரண்மனைக்குத் தெற்குப் பக்கம் மேல் தோட்டத்தில் சதுரமும் வட்டமுமாக அழகான குளங்கள் இருக்கும். எல்லாரும் அதன் ஓரத்தில் நின்று செல்ஃபி எடுப்பார்கள். உண்மையில் அவை டேங்க்! கீழே இருக்கிற நீரூற்றுகளுக்கான தண்ணீர் அதில் நிற்கிறது. அரண்மனை நிற்பது கடலோரத்துக்கு மேலே 16 மீட்டர் மேட்டில். அந்த இறக்கமும் ரோப்ஷா உயரமும் சேர்ந்துதான், கீழே சிங்கத்தின் வாயைப் பிளக்கிற சாம்சன் சிலையில் தண்ணீரை 20 மீட்டருக்குத் தூக்குகிறது.

பீட்டர் முதலில் பெரிய அரண்மனையைப் பக்கத்தில் ஸ்த்ரெல்னாவில்தான் கட்ட நினைத்தார். அங்கே நீரூற்றுக்குத் தண்ணீரை ஏற்றியாக வேண்டும் என்று கணக்குச் சொன்னதும் இங்கே மாற்றிக்கொண்டார். 1717இல் அவர் பிரான்ஸ் ராஜாவின் வெர்சாய் அரண்மனைக்குப் போய்ப் பார்த்தவர். அங்கே செய்ன் ஆற்றில் 14 பெரிய சக்கரம் வைத்துத் தண்ணீரை ஏற்றியும் எல்லா நீரூற்றையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியவில்லை. ராஜா நடந்து வருகிற பக்கம் மட்டும் விசில் அடித்துத் திறந்துவிடுவார்கள். பீட்டர்ஹோஃபில் அந்தத் தொல்லை இல்லை, நாள் முழுக்க ஓடும். ராத்திரி மூடினால் குளம் திரும்ப நிறையும். சுமார் 150 நீரூற்று, 4 அருவிப் படிக்கட்டு, மின்சாரக் கட்டணம் பூஜ்யம். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற என் மாமா இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

கே: சிங்கத்தின் வாயைப் பிளக்கிற தங்கச் சிலை யார்? ஹெர்குலிஸா?

ப: சாம்சன், பைபிளில் வருகிறவர். 1709இல் பொல்தாவாவில் பீட்டர் சுவீடனைத் தோற்கடித்த நாள் புனித சாம்சன் திருநாள். சிங்கம் சுவீடன் அரசு முத்திரையில் இருப்பது. மீதியை நீங்களே புரிந்துகொள்ளலாம், எதிரி நாட்டைத் தோட்டத்தில் நிறுத்தி அதன் வாயிலிருந்தே தண்ணீர் பீய்ச்ச விட்டிருக்கிறார்கள். முதல் சிலை 1735இல் ஈயத்தில் வார்த்தது, 1802இல் சிற்பி கோஸ்லோவ்ஸ்கி வெண்கலத்தில் செய்தார். இப்போது நிற்பது அதுவும் அல்ல. அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

காலை 11 மணிக்கு அரண்மனைக்கு முன்னால் இருக்கிற பெரிய அருவிப் படிக்கட்டைத் திறப்பார்கள், இசை போட்டு. பத்தரைக்கே கால்வாய்ப் பாலத்தில் இடம் பிடியுங்கள். முதலில் ஒன்றுமே இருக்காது. அப்புறம் பொம்மைகளின் காலடியில் லேசாகச் சலசலப்பு. படியெல்லாம் நனையும். கடைசியில்தான் சாம்சன் தண்ணீர் மெதுவாக, யாரோ கையால் தூக்குகிற மாதிரி மேலே மேலே போகும். வீடியோ எடுக்கிறவர்கள் பாதியில் போனை இறக்கிவிடுவார்கள்.

கே: ஆள் போனால் நனைத்துவிடுகிற நீரூற்று இருக்கிறதாமே! எந்தக் கல்லை மிதித்தால் தண்ணீர் வரும் என்று சொல்லிவிடுங்கள், என் தம்பியை மாட்டிவிட வேண்டும்.

ப: அந்தக் கல்லைத்தான் மூன்று நூற்றாண்டாக எல்லாரும் தேடுகிறார்கள்.

குறும்பு நீரூற்றுகள் மோன்பிளசிர் மாளிகைப் பக்கம். பெரிய குடை ஒன்று, அடியில் போய் உட்கார்ந்தால் சுற்றிலும் திரை போலத் தண்ணீர் இறங்கும். உலோகத்தில் செய்த ஓக் மரம் ஒன்று, நிஜ மரம் என்று நினைத்துக் கிட்டே போனால் கிளையெல்லாம் பீய்ச்சும். மோன்பிளசிர் தோட்டத்தில் வெள்ளை பெஞ்சு, அதன் முன்னால் கூழாங்கல் பதித்த தரை. பிள்ளைகள் ஒவ்வொரு கல்லாகக் குதித்துக் குதித்து மிதிப்பார்கள். திடீரென்று கல்லுக்கு நடுவிலிருந்து தண்ணீர் கிளம்பும், ஒரே கூச்சல். "அந்த மஞ்சள் கல்தான்!" என்று ஒருவன் சத்தியம் பண்ணுவான்.

என் அம்மா முழங்கால் வலிக்கிறதென்று நேராகப் போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வருவதற்குள் சுங்குடிச் சேலை முழங்காலுக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. "கல்லையே மிதிக்கலைடா, சும்மாதான் உக்காந்திருந்தேன்" என்றாள். மாமாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பம்பில்லை என்றால் வால்வு இருந்தாக வேண்டும், வால்வு இருந்தால் ஆள் இருந்தாக வேண்டும் என்று செடி ஓரமாகச் சுற்றி வந்தார். இருந்தார்! சின்னக் கூண்டுக்குள் ஒரு பெரியவர், கையில் பிடி, முகத்தில் சிரிப்பே இல்லை. யார் ரொம்பத் தைரியமாக நிற்கிறார்களோ அவர்களைப் பார்த்துத் திறக்கிறார். மாமாவும் அவரும் பாஷை தெரியாமலே கைகுலுக்கிக்கொண்டார்கள். குழந்தைகளிடம் சொல்லக் கூடாது என்று மாமா எங்களிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

ஆகவே உங்கள் தம்பிக்குக் கல் எது என்று நான் சொல்ல முடியாது. அவரைத் தைரியமாக நிற்க வையுங்கள், போதும். மாற்றுத் துணி, செருப்பு, போனுக்கு பிளாஸ்டிக் கவர் கட்டாயம்.

கே: அரண்மனை உள்ளே போக வேண்டுமா? வரிசையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

ப: தோட்டத்துக்கு வேறு, அரண்மனைக்கு வேறு, மோன்பிளசிருக்கு வேறு என்று தனித்தனி டிக்கெட். திங்கட்கிழமை பெரிய அரண்மனை விடுமுறை. ஒன்றுதான் முடியும் என்றால் நான் மோன்பிளசிர் என்பேன். பெரிய அரண்மனையின் தங்கமெல்லாம் பீட்டரின் மகள் எலிசபெத் காலத்தில் கட்டடக் கலைஞர் ராஸ்த்ரெல்லி சேர்த்தது. பீட்டருக்குப் பிடித்தது கடலோரத்தில் டச்சு பாணிச் செங்கல்லில் கட்டிய இந்தச் சின்ன வீடுதான். ஜன்னலைத் திறந்தால் கடல், தூரத்தில் குரோன்ஷ்தாத் கோட்டை. 1718இல் பெற்ற மகன் அலெக்சேயை அவர் விசாரித்தது இங்கே. 1762இல் கணவன் மூன்றாம் பீட்டரின் ஆட்சியைப் பிடிக்க இரண்டாம் கேத்தரின் விடிகாலையில் புறப்பட்டதும் இங்கிருந்துதான். இவ்வளவு சின்ன வீட்டில் இவ்வளவு நடந்திருக்கிறது.

பெரிய அரண்மனைக்குப் போகிறவர்கள், காலில் உறை மாட்டிக்கொண்டு வழுக்காமல் நடந்து, இரண்டு அறையில் நின்று பாருங்கள். ரோத்தாரி வரைந்த 368 பெண் முகங்கள் சுவர் தெரியாமல் ஒட்டிய அறை ஒன்று. இன்னொன்று செஸ்மா கூடம், துருக்கியோடு 1770இல் நடந்த கடற்போர் ஓவியங்கள். ஓவியர் ஹாக்கர்ட் கப்பல் வெடித்துப் பார்த்ததில்லை என்றதும், தளபதி ஓர்லோவ் இத்தாலியில் லிவோர்னோ அருகே ஒரு பழைய கப்பலை நிஜமாகவே வெடிக்க வைத்துக் காட்டினார். அந்தக் காலத்து ரெஃபரன்ஸ்!

கே: நாங்கள் சைவம். முட்டைகூட இல்லை. சாப்பாட்டுக்கு என்ன செய்வது தம்பி?

ப: அக்கா, காலையில் ஹோட்டலில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, கையில் சப்பாத்தி சுருட்டிக்கொண்டு வாருங்கள். பூங்காவுக்குள் கடை குறைவு, விலை அதிகம். வேகவைத்த சோளம், ஐஸ்கிரீம் கிடைத்தால் சரி. "பெஸ் மியாசா" என்றால் இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம், ஆனால் கோழியும் மீனும் இறைச்சிக் கணக்கில் சேராது என்று நினைக்கிறவர்கள் அங்கே உண்டு. "போஸ்த்னயே" என்று கேளுங்கள், அது அவர்களுடைய நோன்புச் சாப்பாடு, பால் முட்டைகூட இருக்காது. பிரோஷ்கி என்ற பன்னில் உருளைக்கிழங்கு வைத்தது "ஸ் கர்தோஷ்கய்". முட்டைக்கோஸ் வைத்ததில் பல சமயம் முட்டையும் கலந்திருக்கும், கேட்டு வாங்குங்கள்.

கே: கார்டு வேலை செய்யுமா? விசா?

ப: இந்தியாவில் வாங்கிய விசா கார்டும் மாஸ்டர் கார்டும் 2022 மார்ச்சிலிருந்து அங்கே செல்லாது. டாலரோ யூரோவோ மடிப்பில்லாத நோட்டாகக் கொண்டுபோய் வங்கியில் ரூபிளாக மாற்றுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து இ-விசா இருக்கிறது. நாள் கணக்கு மாறிக்கொண்டே வருகிறது, விண்ணப்பிக்கும்போது பாருங்கள்.

கே: போரில் எல்லாம் எரிந்துபோய் இப்போது இருப்பது டூப்ளிகேட் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அப்படியானால் எதற்குப் போக வேண்டும்?

ப: உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. 1941 செப்டம்பரிலிருந்து 1944 ஜனவரி வரை ஜெர்மன் படை அங்கே இருந்தது. அரண்மனை எரிந்து சுவர் மட்டும் மிஞ்சியது. ஊழியர்கள் முடிந்த சிலைகளை வெளியூருக்கு அனுப்பினார்கள், சிலவற்றை மண்ணில் புதைத்தார்கள். சாம்சனை நகர்த்த முடியவில்லை, அது காணாமலே போய்விட்டது. சிற்பி சீமனவ் பழைய புகைப்படங்களைப் பார்த்துத் திரும்பச் செய்து 1947இல் நிறுத்தினார். ஊரில் சாப்பாட்டுக்கே ரேஷன் இருந்த வருஷம் அது. அரண்மனைக் கூடங்கள் திறக்க 1964 ஆனது.

அசலாக ஒன்று வேண்டுமென்றால் மேல் தோட்டத்தில் கடல் தெய்வம் நெப்டியூன் நிற்கிற நீரூற்றைப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரம் தனக்காகச் செய்துகொண்டது. செய்து முடித்த பிறகுதான் அதை ஓட்ட ஊரில் தண்ணீர் போதாது என்று தெரிந்ததாம், கழற்றி மூலையில் போட்டுவிட்டார்கள். ரஷ்யர்கள் விலைக்கு வாங்கி 1799இல் இங்கே நிறுத்தினார்கள். போரில் வந்தவர்கள் அதைத் திரும்ப ஜெர்மனிக்கே தூக்கிக்கொண்டு போனார்கள், போர் முடிந்ததும் தேடிப் பிடித்து மறுபடி கொண்டுவந்தார்கள். இப்போதும் ரோப்ஷா தண்ணீரில்தான் ஓடுகிறது. மேல் தோட்டத்துக்கு டிக்கெட் கிடையாது, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்திலேயே பார்த்துவிடலாம்.