இணையக் கடையில் உங்கள் நூலின் பக்கம்: கேள்வி பதில்

கொழும்பில் சொந்தச் செலவில் நூல் வெளியிட்ட பலர், அமேசனின் மின்னூற் கடையான கிண்டிலிலும் உள்நாட்டு இணையக் கடைகளிலும் நூலை ஏற்றிய பின்னர் விற்பனை அசையவில்லை என்று எழுதியிருந்தார்கள். நூலின் தரத்தைப் பற்றி நான் இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை. நூலுக்கும் வாசகருக்கும் இடையில் நிற்கும் அந்த ஒற்றைப் பக்கத்தைப் பற்றியே பேசுகிறேன். அனுப்பப்பட்ட கேள்விகளில் ஒன்றையொன்று ஒத்தவற்றை இணைத்திருக்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு நாவலாசிரியர்: ஐயா, தமிழ்ச் சங்க மண்டபத்தில் வெளியீட்டு விழா வைத்தபோது பிரதிகள் நன்றாகவே போயின. அதே நாவலைக் கிண்டிலில் ஏற்றி எட்டு மாதங்கள் ஆகின்றன. வாங்கியவர்கள் என் மருமகனும் அவருடைய நண்பர் ஒருவரும் மட்டுமே. நூல் விபரத்தையும் கதைச் சுருக்கத்தையும் அனுப்பியிருக்கிறேன். எங்கே பிழை?

வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்கள் உங்களுக்காக வந்தவர்கள். உறைக்குள் பணம் வைத்துத் தந்துவிட்டுப் பிரதியைப் பெற்றுக்கொண்டவர்களில் எவரும் பின்னட்டையைப் படித்துப் பார்த்து வாங்கவில்லை. அது நம்மிடையே உள்ள நல்ல வழக்கம், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு ரொறன்ரோவில் கைத்தொலைபேசியில் நாவல் தேடும் ஒருவருக்கு உங்களைத் தெரியாது. உங்கள் ஊரும், நீங்கள் பெற்ற பட்டங்களும், அணிந்துரை எழுதிய பேராசிரியரும் அவருக்கு அறிமுகமானவை அல்ல. அவரிடம் இருப்பது அந்தப் பக்கம் மட்டுமே.

நீங்கள் அனுப்பிய விபரம் இவ்வாறு தொடங்குகிறது: "மனித உணர்வுகளின் ஆழத்தையும் இடப்பெயர்வின் வலிகளையும் தத்ரூபமாகச் சித்திரிக்கும் இந்நாவல், ஈழத்து இலக்கியப் பரப்பில் ஒரு மைல்கல்லாக அமையும்." இந்த வாக்கியத்தை வேறு எந்த நாவலின் பக்கத்தில் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். அதுதான் பிழை. கடைப் பக்கத்தில் முதல் சில வரிகள் மட்டுமே கண்ணில் படும். எஞ்சியதைப் பார்க்க "மேலும்" என்பதை அழுத்த வேண்டும். அழுத்தத் தூண்டும் எதுவும் உங்கள் முதல் வரிகளில் இல்லை. அதே வேளை, நீங்கள் அனுப்பிய கதைச் சுருக்கத்தின் நடுவில் அருமையான இரண்டு செய்திகள் புதைந்து கிடக்கின்றன. அவற்றை மேலே கொண்டுவந்து நான் இப்படித் தொடங்குவேன்:

"வெள்ளவத்தையில் 17 வருடங்கள் தையற்கடை வைத்திருந்தவர், 1983 ஆடிக் கலவரத்தின் பின் ஒரு கத்தரிக்கோலை மட்டும் எடுத்துக்கொண்டு கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்குகிறார். ஆறு வருடங்கள் கழித்து அதே ஒழுங்கைக்குத் திரும்பி வரும்போது, அவருடைய மெஷினில் வேறொருவர் தைத்துக்கொண்டிருக்கிறார்."

இதில் நூலைப் புகழும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் இதைப் படித்தவர், உள்ளே இருப்பது யார், எந்த ஊர், எந்தக் காலம், என்ன சிக்கல் என்பதை அறிந்துகொள்கிறார். அடுத்து என்ன நடந்தது என்று கேட்கவும் தொடங்குகிறார். இதன் பின் ஒரு சிறு பந்தியில் கதையின் போக்கையும், அதன் கீழே பக்க எண்ணிக்கையையும், இறுதியில் உங்களைப் பற்றி இரண்டு வரிகளையும் எழுதுங்கள். கிண்டிலில் விபரத்துக்கு 4,000 எழுத்துக்குறிகள் வரை இடம் உண்டு என்பதற்காக அவ்வளவையும் நிரப்பத் தேவையில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சிறுகதையாளர்: என் தொகுப்பின் இலவச மாதிரியைப் பலர் இறக்கிப் பார்த்ததாகச் சொல்கிறார்கள், சேர். ஆனால் எவரும் வாங்கவில்லை. கதைகள் பிடிக்கவில்லையா?

அவர்கள் உங்கள் கதைகளைப் படிக்கவே இல்லை. நீங்கள் அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தேன். 120 பக்க நூலில் முதலில் ஆசியுரை, அடுத்து வாழ்த்துரை, அதன்பின் இரண்டு அணிந்துரைகள், பதிப்புரை, என்னுரை, நன்றியுரை என்று வரிசையாக வந்து, முதற்கதை 19ஆம் பக்கத்தில் ஆரம்பிக்கிறது. கிண்டிலில் இலவச மாதிரி என்பது பொதுவாக நூலின் தொடக்கத்திலிருந்து 10 வீதம். உங்கள் நூலில் அது ஏறக்குறைய 12 பக்கங்கள். ஆகவே மாதிரியை இறக்கியவருக்குக் கிடைத்தது இரண்டாவது அணிந்துரையின் பாதி வரைதான்.

நம்முடைய நூல்களுக்கே உரிய இந்தச் சிக்கலை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் எத்தனையோ நல்ல தொகுப்புகள் இதனாலேயே படிக்கப்படாமல் போகின்றன. அணிந்துரை எழுதியவர்களை மதிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அச்சுப் பிரதியில் அவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மின்னூலில் அவை அனைத்தையும் "நூலைப் பற்றி" என்ற தலைப்பின் கீழ் பின்பகுதிக்கு நகர்த்துங்கள். எழுதியவர்களிடம் காரணத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் எவரும் கோபிக்க மாட்டார்கள். பொருளடக்கத்தை அடுத்து நேரே கதை வரட்டும். எந்தக் கதை முதலில் வர வேண்டும் என்பதையும் மீண்டும் யோசியுங்கள். நீங்கள் எழுதிய கால வரிசை வாசகருக்கு முக்கியமல்ல. மாதிரிக்குள் ஒரு கதை முழுமையாக அடங்கி, அது உங்கள் சிறந்த கதைகளில் ஒன்றாகவும் இருந்தால் அதைவிட நல்ல பரிந்துரை வேறில்லை.

தெஹிவளையிலிருந்து ஒரு கவிஞர்: நூலின் பெயரைச் சரியாகத் தட்டச்சுச் செய்து தேடினாலும் என் நூல் வருவதில்லை. இணைப்பை அனுப்பினால் மட்டுமே திறக்கிறது. இது கடையின் குறைபாடா?

பெரும்பாலும் எழுத்துக் குறியீட்டின் குறைபாடு. இலங்கையில் நீண்ட காலமாக நூல்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சாகி வந்தன. இன்றும் பல அச்சகங்களில் அப்படியே. பாமினியில் "தமிழ்" என்று அடித்தால் கோப்பினுள் உண்மையில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது, அவ்வளவுதான். தேடுபவர் தட்டும் தமிழ்ச் சொல் அந்த ஆங்கில எழுத்துகளோடு பொருந்தாது. அதனால் கடைப் பக்கத்தில் இடும் ஒவ்வொரு சொல்லும், தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே பதியும் யுனிக்கோட் முறையில் இருக்க வேண்டும்.

யுனிக்கோட்டுக்கு மாற்றிய பின்னும் ஆபத்து உண்டு. என் முதலாவது மின்னூலின் தலைப்பில் "யோ" என்ற எழுத்து இருந்தது. எழுத்துரு மாற்றும் செயலியிலிருந்து எடுத்து ஒட்டியபோது, கால் வர வேண்டிய இடத்தில் "ர" வந்திருந்தது. பழைய தட்டச்சாளர்கள் இரண்டும் ஒரே மாதிரித் தெரிவதால் மாற்றி அடித்துவிடுவார்கள். பார்வைக்கு வித்தியாசமே இல்லை. மூன்று மாதங்களாக என் நூலை என்னாலேயே தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. இதேபோல் "ஔ" என்பதை "ஒ", "ள" என்று இரண்டாக அடிப்பதும், ஒற்றைக்கொம்பை எழுத்துக்கு முன்னால் அடிப்பதும் தேடலைக் கெடுக்கும். தலைப்பு, உங்கள் பெயர், விபரத்தின் முதற் பந்தி ஆகிய மூன்றையும் ஒட்டாமல், யுனிக்கோட் விசைப்பலகையில் புதிதாகத் தட்டச்சுச் செய்யுங்கள். பத்து நிமிட வேலை. நூலின் மொழி என்ற இடத்தில் "தமிழ்" தெரிவு செய்யப்பட்டுள்ளதா என்பதையும் பாருங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஓர் இல்லத்தரசி: என்னுடையது யாழ்ப்பாணச் சமையல் நூல். கிண்டிலில் ஏற்றும்போது வரும் தேடற்சொற்களுக்கான ஏழு பெட்டிகளில் சமையல், உணவு, சுவை, தமிழ், புத்தகம், வீடு, ஆரோக்கியம் என்று நிரப்பினேன். சரிதானே?

சரியல்ல, அம்மா. "சமையல்" என்று மட்டும் தேடுபவர் முன்னால் தமிழ்நாட்டு நூல்கள் மலையாக வந்து குவியும். அந்தக் கூட்டத்தில் உங்கள் நூல் தெரியாது. உங்கள் நூலைத் தவிர வேறெங்கும் எளிதில் கிடைக்காதது எதுவோ அதைத்தான் எழுத வேண்டும். ஒடியற்கூழ், சரக்குத்தூள், கத்தரிக்காய்ப் பால்கறி, யாழ்ப்பாணக் கறித்தூள் அரைக்கும் முறை, இலங்கைத் தமிழர் சமையல் என்று, ஒருவர் அம்மாவின் கைப்பக்குவத்தை நினைத்துத் தேடும்போது உண்மையில் தட்டக்கூடிய சொற்றொடர்களை இடுங்கள். லண்டனிலும் பாரிஸிலும் வளர்ந்த பிள்ளைகள் பலருக்குத் தமிழ் விசைப்பலகை பழக்கமில்லை; ஆகவே இரண்டு பெட்டிகளை ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்ச் சொற்களுக்கு ஒதுக்குங்கள். ஒரு பெட்டிக்கு 50 எழுத்துக்குறிகள்தாம். "யாழ்ப்பாணம்" நமக்கு ஆறு எழுத்து. புள்ளியையும் காலையும் தனித்தனியே எண்ணும் கணினிக்கு அது 11. தலைப்பில் ஏற்கெனவே உள்ள சொல்லைத் திரும்பவும் இட்டு இடத்தை வீணாக்க வேண்டாம். பிற எழுத்தாளர்களின் பெயர்களையும் "இலவசம்", "அதிக விற்பனை" போன்ற சொற்களையும் இடுவது விதிமீறல்.

உங்கள் நூலில் வண்ணப்படங்கள் நிறைய இருப்பதால் விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கடையில் 2.99 முதல் 9.99 டொலர் வரை விலையிட்டால் மட்டுமே 70 வீத உரிமத்தொகையைத் தெரிவு செய்ய முடியும். அதற்குக் கீழும் மேலும் 35 வீதம். ஆனால் 70 வீதத் தெரிவில் கோப்பின் அளவுக்கேற்ப விநியோகக் கட்டணம் கழிக்கப்படும். படங்களைச் சுருக்காமல் ஏற்றினால் கிடைப்பதில் கணிசமான பங்கு அதற்கே போய்விடும்.

மருதானையிலிருந்து ஒரு வடிவமைப்பாளர்: அட்டைப்படத்துக்கு எந்த அளவு நல்லது?

கிண்டிலுக்கு உயரம் 2,560, அகலம் 1,600 படப்புள்ளிகள். அளவைவிட முக்கியமானது, தேடற் பட்டியலில் அது தபால் முத்திரையளவே தெரியும் என்பது. மெல்லிய கோட்டெழுத்தில் தலைப்பிட்டால் முதலில் மறைவது புள்ளிகள். "கண்" என்பது "கண" ஆகிவிடும். படத்தை அவ்வளவுக்குச் சுருக்கி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்துப் பாருங்கள்.

வத்தளையிலிருந்து ஓர் ஆசிரியை: தரம் 5 புலமைப்பரிசில் பயிற்சி நூலை உள்நாட்டு இணையக் கடை ஒன்றில் அச்சுப் பிரதியாக விற்கிறேன். பெற்றோர் தொலைபேசியில் அழைத்துக் கேள்வி கேட்கிறார்கள், பின்னர் வாங்குவதில்லை.

அந்தக் கேள்விகளை ஒரு வாரம் கொப்பியில் எழுதி வையுங்கள், ரீச்சர். அவைதாம் உங்கள் விபரம். விடைகள் நூலிலேயே உண்டா, எந்த வருடப் பாடத்திட்டம், எத்தனை மாதிரி வினாத்தாள்கள், பிள்ளை நூலிலேயே எழுதலாமா என்று நான்கு பேர் கேட்டிருந்தால், கேட்காமலே போனவர்கள் அதைவிட அதிகம். தலைப்பிலேயே தரம், பரீட்சையின் பெயர், பதிப்பு வருடம் ஆகியவை வரட்டும். இப்போது நீங்கள் இட்டிருப்பது முன்னட்டையின் படம் ஒன்று மட்டும். பொருளடக்கப் பக்கத்தையும், ஒரு வினாப் பக்கத்தையும், அதன் விடைப் பக்கத்தையும் வாசிக்கக்கூடிய அளவில் படமெடுத்துச் சேருங்கள். செட்டியார் தெருக் கடையில் பெற்றோர் நூலைக் கையிலெடுத்துச் செய்வதும் அதுதானே: நடுவில் திறந்து ஒரு பக்கத்தைப் பார்ப்பார்கள், பின்னால் விடை இருக்கிறதா என்று புரட்டுவார்கள்.

கொள்ளுப்பிட்டியிலிருந்து: உறவினர்கள் பத்துப் பேரிடம் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லலாமா?

வேண்டாம். குடும்பத்தினரும் நெருங்கிய நண்பர்களும் மதிப்புரை இடுவதை அமேசன் அனுமதிப்பதில்லை. பணமோ பரிசோ கொடுத்து எழுதுவிப்பதும் அப்படியே. அத்தகைய மதிப்புரைகள் நீக்கப்படலாம், உங்கள் கணக்கும் சிக்கலுக்குள்ளாகலாம். முன்பின் தெரியாத வாசகர்களுக்கு முன்பிரதி கொடுத்து, மனதில் பட்டதை எழுதுமாறு கேட்பதில் தவறில்லை. கடைசிக் கதை முடிந்த பக்கத்தில் ஒரு வரி வேண்டுகோளும் இடலாம்.

கொழும்பு 13இலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர், வயது 72: 1998இல் நான் வெளியிட்ட கட்டுரை நூலின் ஒரு பிரதி மட்டும் கையில் உண்டு. அதை மின்னூலாக்க விரும்புகிறேன். ஈழத்து நூல்களைத் திரட்டி வைத்திருக்கும் "நூலகம்" இணையத்தளத்திலும் அது இலவசமாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. இரண்டும் முடியுமா, தம்பி?

முடியும் ஐயா, ஒரு நிபந்தனையுடன். கிண்டிலில் ஏற்றும்போது "கேடிபி செலக்ட்" என்ற அமேசனின் திட்டத்தில் சேரச் சொல்லி ஒரு பெட்டி காட்டப்படும். அதில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்நூலின் மின்வடிவம் வேறோர் இணையத்தளத்தில், இலவசமாகக்கூட, இருக்கக்கூடாது. நீங்கள் நீக்காவிட்டால் அது தானாகவே புதுப்பிக்கப்படும். ஆகவே "நூலகம்" தளத்தில் இருக்க வேண்டுமானால் அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள்.

பக்கங்களை ஸ்கேன் செய்து படங்களாக ஏற்ற வேண்டாம். கைத்தொலைபேசியில் எழுத்தைப் பெரிதாக்க முடியாத நூலை எவரும் படிக்க மாட்டார்கள். யுனிக்கோட்டில் மறுதட்டச்சுச் செய்வியுங்கள். கிண்டிலுக்கு ஐஎஸ்பிஎன் எனப்படும் சர்வதேச நூல் எண் கட்டாயமில்லை. வேண்டுமென்றால் கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக, ஆவணவாக்கல் சேவைகள் சபையில் மின்பதிப்புக்கென வேறோர் எண்ணைப் பெறுங்கள். அச்சுப் பிரதியின் எண்ணை அதற்கு இடக்கூடாது. விபரத்தின் முதல் வரியில் 1998ஐக் குறிப்பிடுங்கள். அந்த வருடத்தின் கொழும்பைப் பற்றித் தேடுபவர்களுக்கு, அப்போதே இங்கிருந்து எழுதப்பட்ட கட்டுரை என்பது தெரிய வேண்டும்.