வடசென்னைத் தெருக்களில் நிற்கும் நாட்டு மரங்களை இலை, காய் பார்த்து அடையாளம் காண்பது எப்படி?

இலையைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பாருங்கள் என்பேன். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கமெல்லாம் கரண்ட் கம்பிக்காகக் கிளைகளைக் கழித்து விட்டிருப்பார்கள். இலை கைக்கு எட்டாது. அடியில் பூவோ காயோ உதிர்ந்து கிடந்தால் பாதி வேலை முடிந்தது.

தட்டையாக, கெட்டியாக, பெரும்பாலும் ஒரே விதையோடு பழுப்பு நெற்று கிடக்கிறதா? புங்கம். நிமிர்ந்து பார்த்தால் ஒரு காம்பில் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள், நுனியில் ஒன்று தனியாக. பூச்சி அரித்த வெள்ளைத் திட்டும் அநேகமாக இருக்கும்.

நிறைய பேர் குழம்புவது அரசிலும் பூவரசிலும்தான். இரண்டுக்கும் இதய வடிவ இலை. அரசிலையின் நுனி வால் மாதிரி நீண்டு தொங்கும், காம்பைக் கிள்ளினால் வெள்ளையாகப் பால் கசியும். பூவரசில் அந்த வாலும் கிடையாது, அந்தப் பாலும் கிடையாது. அதன் பூ மலரும்போது மஞ்சள், உள்ளே அடியில் கருஞ்சிவப்பு. வாட வாடச் சிவந்துவிடும். அதனால் ஒரே மரத்தில் இரண்டு நிறப் பூ தெரியும். பச்சைக் காயை உடைத்தால் மஞ்சளாகப் பிசின் ஒட்டும். சின்ன வயதில் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியவர்களுக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை.

வேம்பு எல்லோருக்கும் தெரியும். ஆனால் மலைவேம்பை வேம்பு என்று சொல்லிவிடுகிறார்கள். வேம்பில் ஒரு காம்பின் இரு பக்கமும் நேரடியாகச் சிற்றிலைகள், ரம்பப் பல் விளிம்போடு. மலைவேம்பில் அந்தக் காம்பே மறுபடி கிளைத்து, அதில்தான் இலைகள் இருக்கும்.

மகிழம் பார்க்க வேண்டுமென்றால் திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலுக்குப் போங்கள். சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்ததாகச் சொல்வது மகிழ மரத்தடியில்தான். அலை அலையான விளிம்புள்ள பளபளப்பான இலை, நட்சத்திரம் போன்ற சின்னப் பூ. காய்ந்து சருகானாலும் அந்தப் பூவின் வாசனை போகாது. பழம் ஆரஞ்சு நிறம்.

தூங்குமூஞ்சியையும் கொடுக்காப்புளியையும் நாட்டு மரக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. கொடுக்காப்புளியை விட்டுக்கொடுக்க எனக்கும் மனசில்லைதான்!

எண்ணூர் கழிமுகம் பக்கம் போனால் அலையாத்தியையும் பார்த்துவிடுங்கள். மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். இலையை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும் என்பார்கள். அங்கே ஓடும் தண்ணீரைப் பார்த்த பிறகு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். வேரே போதும்.