தாங்கி ஒரு நீலம், பக்கமூடி இன்னொரு நீலம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மழையில் ஆமர் வீதியில் வழுக்கி விழுந்ததில் என் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கி சிராய்ந்து, இடது பக்கமூடி உடைந்துவிட்டது. மெட்டாலிக் நீலம். கம்பனியின் நிற இலக்கத்தைக் கொடுத்தே பெயின்ட் கலந்தார்கள். மாலையில் கராஜில் பார்த்தபோது எல்லாம் ஒரே நிறம். மறுநாள் காலை காலிமுகத்திடலில் நிறுத்திப் பார்த்தால் புதிதாக அடித்த பக்கமூடி தனியாகத் தெரிகிறது. இலக்கம் சரிதான் என்று பாஸ் சாதிக்கிறார். ஏமாற்றிவிட்டாரா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: பாவம், அந்த பாஸை விட்டுவிடுங்கள். இலக்கம் சரியாகவே இருந்திருக்கும். பத்துப் பொருத்தமும் பார்த்துச் செய்த கல்யாணத்திலும் சண்டை வருகிறதல்லவா? அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வண்டியில் அடிப்பதற்கு முன் ஓர் அட்டையில் அடித்துப் பார்த்தீர்களா?

மெட்டாலிக் பெயின்டில் நிறப்பொடியோடு மெல்லிய அலுமினியத் துகள்களும் கலந்திருக்கின்றன. மினுக்கம் அவற்றால்தான். பெயின்ட் அடிக்கும் கன்னைக் கிட்டப் பிடித்து ஈரமாக அடித்தால் துகள்கள் உள்ளே அமிழ்ந்து நீலம் இருண்டுபோகும். எட்டப் பிடித்து உலர்வாக அடித்தால் அவை மேலாகப் படுத்துக்கொண்டு நீலம் வெளிறும். ஆக, ஒரே டின்னிலிருந்து இரண்டு நீலம் எடுக்கலாம். காற்றழுத்தமும் தின்னரும் இதில் பங்காளிகள். கொழும்பின் நண்பகல் வெக்கையில், சீக்கிரம் காயும் தின்னரைக் கலந்து அடித்தால், துளி தகட்டைத் தொடுமுன்பே பாதி காய்ந்துவிடும். அந்த வேளைக்கு மெதுவாகக் காயும் தின்னர்தான் ஏற்றது.

மாலையில் உங்கள் கண்ணை ஏய்த்தது டியூப் லைட். வெவ்வேறு நிறப்பொடிகளால் கலந்த இரண்டு நீலங்கள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் தெரியும். அதனால் வண்டியை வாசலுக்கு உருட்டிவந்து, வெயிலில் ஒரு முறை, நிழலில் ஒரு முறை, நேராகவும் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். மெட்டாலிக்கில் நேர்ப்பார்வைக்குச் சரியாக இருப்பது சாய்த்துப் பார்க்கும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

இனிச் செய்ய வேண்டியது. வண்டிக்கு அடிக்கப்போகும் அதே பிரைமரை, அதாவது நிறத்துக்கு அடியில் போகும் முதல் பூச்சை, ஓர் அட்டையில் பூசி, அதே கன், அதே அழுத்தத்தில் நிறத்தை அடியுங்கள். காய்ந்ததும் அட்டையின் பாதிக்கு மட்டும் கிளியர், அதாவது நிறத்தின் மேல் போகும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு, பூசுங்கள். கிளியர் ஏறிய பாதி ஆழ்ந்து, இருண்டு தெரியும். மற்றப் பாதி தூசி படிந்ததுபோல் மங்கிக் கிடக்கும். தாங்கியோடு ஒப்பிட வேண்டியது கிளியர் ஏறிய பாதியைத்தான். டின்னுக்குள் குச்சியை விட்டு எடுத்து, "நிறம் சரி" என்று தலையாட்டுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

என் ஆலோசனை, பக்கமூடியை மட்டும் மறுபடி அடிக்க வேண்டாம். தாங்கியையும் இரு பக்கமூடிகளையும் கழற்றி, ஒரே கலவையில், ஒரே நாளில், வண்டியில் இருக்கும் அதே சாய்வில் நிறுத்தி அடிக்கச் சொல்லுங்கள். செலவு கூடத்தான் செய்யும். ஆனால் மோட்டார் சைக்கிளின் வசதியே பாகங்கள் தனித்தனியாகக் கழன்று வருவது. கார்க்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தாங்கியில் சிராய்ப்பு பட்ட இடத்தில் மட்டும் வட்டமாக அடித்து நிறுத்தினால் அந்த விளிம்பு என்றைக்கும் தெரியும். நிறத்தை விளிம்பில் மெல்ல மெல்லக் கரைத்துவிட்டு, கிளியரைத் தாங்கி முழுவதற்கும் பூச வேண்டும்.

கேள்வி: என் சிவப்பு ஸ்கூட்டர் பல வருடங்களாகக் கடற்கரைப் பக்கம் வெயிலில் நிற்கிறது. முன்மூடியை மாற்றிப் பெயின்ட் அடித்தால், அது மட்டும் புத்தம் புதிதாகப் பளிச்சிடுகிறது. எப்படி ஒன்றாக்குவது?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: சகோதரி, நிற இலக்கம் உங்கள் ஸ்கூட்டர் தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் நிறத்தைச் சொல்கிறது. சீட்டைத் தூக்கி, வெயில் படாத ஓரத்தைப் பாருங்கள். அந்த நிறம் அங்கே ஒளிந்திருக்கும். சிவப்பு வெயிலில் வெளுக்கும் நிறம், இது ஊரறிந்தது.

முதலில் பழைய பாகங்களைக் கொம்பவுண்ட் என்னும் மெருகுப் பசை போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். மங்கலில் பெரும்பகுதி மேற்பரப்பில்தான் இருக்கும். தேய்த்த பிறகு வித்தியாசம் பாதியாகக் குறைந்தாலும் ஆச்சரியமில்லை. அதன் பின்னும் மிஞ்சினால், பெயின்ட் கலக்கும் கடையில் நிறம் அளக்கும் கருவியை, தேய்த்துத் துடைத்த தட்டையான இடத்தில் வைத்து அளக்கட்டும். தேய்க்காமல் அளந்தால் கருவி அழுக்கையும் சேர்த்துத்தான் படிக்கும்.

இன்னொன்று: சிவப்பு அடியிலிருப்பதை நன்றாக மறைக்காது. கறுத்த பிரைமர் மேல் ஒரு சிவப்பு, வெள்ளை மேல் இன்னொரு சிவப்பு. எனவே பிரைமரின் நிறத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுடையது வெள்ளி அடிப்பூச்சின் மேல் கண்ணாடிச் சிவப்பு ஏற்றிய 'கேண்டி' வகை என்றால் ஒட்டுப்போடும் ஆசையே வேண்டாம். ஒவ்வொரு பூச்சுக்கும் நிறம் கடுமையாகிக்கொண்டே போகும். பாகத்தை முழுதாக அடிப்பதே வழி.

கேள்வி: ஸ்ப்ரே டின் வாங்கி நானே தாங்கிக்கு அடிக்கலாமா?
– தெமட்டகொடை வாசகர்

பதில்: அடிக்கலாம், முதல் தடவை பெற்றோல் சிந்தும்வரை நன்றாகவே இருக்கும். சாதாரண டின் கிளியரைப் பெற்றோல் இளக்கிவிடும். ஹார்டனர் கலந்து இறுகும் இருபகுதிக் கிளியர்தான் தாங்கிக்குத் தாங்கும். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலுக்குக் கெடுதி, ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. மாடிவீட்டு பல்கனியில் நின்று அடிக்கும் எண்ணம் இருந்தால், தயவுசெய்து அந்த வேலையை மட்டுமாவது பெயின்ட் அடிப்பதற்கென்றே அமைத்த அறை (பூத்) உள்ள இடத்துக்குக் கொடுங்கள்.

கேள்வி: பொருத்தம் பார்த்து அலுத்துவிட்டது. முழு வண்டியையும் கறுப்பாக்கிவிடவா?
– கிராண்ட்பாஸ் வாசகர்

பதில்: ஆக்குங்கள். ஆனால் வாகனப் பதிவுச் சான்றிதழில் நிறமும் எழுதப்பட்டிருக்கிறது. மாற்றுவதானால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதையும் பதிந்துகொள்ளுங்கள். கறுப்பிலும் நீலச்சாயல், பழுப்புச்சாயல், மெட்டாலிக் என்று வகை உண்டு. எந்தக் கறுப்பு என்று டின்னில் எழுதி வாங்கி, மிச்சத்தை இறுக மூடி வைத்துக்கொள்ளுங்கள்.