கம்ப்யூட்டர் கேள்வி, அண்ணாச்சி பதில்: பழைய பெட்டியில ஃபயர்வால் ரூட்டர்

கேள்வி: அண்ணாச்சி, வீட்டுல 100 எம்பிபிஎஸ் ஃபைபர், நாலு கேமரா, எந்நேரமும் போனும் கையுமா ரெண்டு பிள்ளைய. வெளி நெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல காவல் நிக்குத ஃபயர்வால் ரூட்டர் ஒண்ணு சொந்தமா வச்சிக்கிடலாம்னு பாக்கேன். வண்ணார்பேட்டையில ஒரு கடையில கோர் 2 டியோ டவர் 1,500 ரூவா சொல்லுதாங்க, நாலாவது ஜெனரேஷன் ஐ5 டெல் சின்னப்பெட்டி 6,500. எத வாங்க?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: 1,500ன்னதும் கை அரிக்கத்தான் செய்யும், ஆனா டவர வாங்காதீய. ரூட்டர்னா ராத்திரி பகலா ஓடணும்லா, அந்தக் காலத்து டவர் சும்மா இருக்கும்போதே 60 வாட் வரைக்கும் இழுக்கும், ரெண்டு மாச பில்லுக்குக் கணக்குப் போட்டா 86 யூனிட்டு, கவர்மென்ட் இலவசமா தர்ற 100 யூனிட்ட முக்கால்வாசிக்கு மேல இது ஒண்ணே தின்னுரும். ஐ5 சின்னப்பெட்டி 25 வாட்டுன்னு வச்சா 36 யூனிட்டு. வெயில் காலத்துல ஏசி போடுத வீடுன்னா அந்த 50 யூனிட்டு வித்தியாசம் ஸ்லாப்பையே மாத்திவிட்டுரும், கடையில மிச்சம் பிடிச்ச காச ஈபி ஆபீஸ்ல கட்டணும்.

அடுத்து, பிராசசர பாத்து மயங்காதீய, நெட்டு வயர் சொருகுத லேன் கார்ட பாருங்க. பெட்டிய ஃபயர்வாலா மாத்துத சாஃப்ட்வேர் பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் ரெண்டும் ஃப்ரீபிஎஸ்டிங்குத ஓஎஸ் மேல ஓடுது, அதுக்கு இன்டெல் சிப்புன்னா ஒத்துப்போகும், ரியல்டெக்னா சிலது ஓடும், சிலது லோடு ஏறினதும் தொங்கும். டெல்லுலயே 3020 மாடல்ல போர்டோட வர்ற லேன் ரியல்டெக்கு, 7020, 9020ல இன்டெல். மூணும் நாலாவது ஜெனரேஷன்தான், பாக்க ஒண்ணுபோலத்தான் இருக்கும், கடைக்காரரு ஐ5ன்னு மட்டும்தான் சொல்லுவாரு, நீங்கதான் ஒட்டியிருக்க மாடல் நம்பர பாக்கணும்.

அதுல கூட ஒரு இன்டெல் கார்டு போடணும், ரெண்டு போர்ட்டோ நாலு போர்ட்டோ. நெட்டு வர ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு, கேமராவுக்குத் தனியா ஒண்ணு. இந்தக் கேமராவ தனி நெட்வொர்க்ல அடைச்சு வெளிய பேசவிடாம வைக்கதுக்குத்தான் நான் ஃபயர்வாலே போடச் சொல்லுவேன், மத்ததெல்லாம் அப்புறம். புதுசுன்னு சொல்லி ரொம்ப மலிவா வர்ற ஐ350ங்குத இன்டெல் கார்டுல டூப்ளிகேட் நிறைய, அதுக்கு டெல், ஹெச்பி சர்வர்ல இருந்து கழட்டின பழைய கார்டே மேலு. சின்னப்பெட்டிக்குக் குட்டைப் பட்டை (பின்பக்கத் தகடு, லோ புரொஃபைல்னு சொல்லுவாங்க) வச்ச கார்டா கேளுங்க, நெட்டைப் பட்டைன்னா மூடி மூடாது. அந்தக் கார்டோட சொருகுத முனை எக்ஸ்4 அளவு, எக்ஸ்1 ஸ்லாட்ல சொருக முடியாது, பெரிய எக்ஸ்16ல தாராளமா உக்காரும்.

கடைக்குப் போகும்போது ஓபிஎன்சென்ஸ் ஏத்தின பென்டிரைவ் ஒண்ணு கொண்டுபோங்க, இன்ஸ்டால் பண்ணாமலே அதுல இருந்து பூட் ஆகும். ஸ்கிரீன்ல போர்ட் பேரு ஐஜிபி (igb), இஎம் (em)னு ஆரம்பிச்சா இன்டெல், ஆர்இ (re)ன்னு வந்தா ரியல்டெக். கடைக்காரரு முகத்தைச் சுழிச்சா சுழிக்கட்டும். ரேம் 8 ஜிபி, சின்னதா ஒரு எஸ்எஸ்டி, அம்புட்டுதான். யூசர்நேம், பாஸ்வேர்ட் போட்டு ஏறுத பிபிபிஓஈ கனெக்‌ஷன்னா ஃப்ரீபிஎஸ்டில பெரும்பாலும் ஒரு கோர்தான் வேலை பாக்கும், அதனால கோர் எண்ணிக்கையவிட ஒரு கோரோட வேகம் முக்கியம், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இந்த ஐ5 தாராளம்.

கேள்வி: ஒரே ஒரு லேன் போர்ட் உள்ள குட்டி பிசி கெடக்கு, யூஎஸ்பி லேன் போட்டு ஓட்டலாமா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: ஓடும் தங்கச்சி, ஓடி ஓடி ஒருநாள் நடுச்சாமத்துல நிக்கும், அப்புறம் உருவித் திரும்பச் சொருகணும். ரூட்டருக்கு யூஎஸ்பி லேன நான் சொல்ல மாட்டேன். அதுக்குப் பதிலா விஎல்ஏஎன் (ஒரே வயர்ல ரெண்டு நெட்வொர்க்க தனித்தனியா ஓட்டுத முறை) தெரிஞ்ச அஞ்சு போர்ட் ஸ்விட்ச் ஒண்ணு வாங்குங்க, டிபி-லிங்க் எஸ்ஜி105ஈ மாதிரி, அதுல நெட்டு வர்ற வயருக்கு ஒரு விஎல்ஏஎன், வீட்டுக்கு ஒண்ணுன்னு பிரிச்சு ரெண்டையும் ஒரே வயர்ல பிசிக்கு அனுப்பலாம். போக்கும் வரத்தும் ஒரே ஜிகாபிட் வயர்லதான், 300 எம்பிபிஎஸ் பிளானுக்கெல்லாம் அதனால ஒண்ணும் குறையாது. இனிமேதான் வாங்கணும்னா லெனோவோ எம்720க்யூ தேடுங்க, குட்டிப்பெட்டிதான், ஆனா ரைசர்னு ஒரு துண்டு போர்டு வாங்கிப் போட்டா உள்ளயே நாலு போர்ட் கார்டு உக்காரும். பலபேரு ரைசர் இல்லாமத்தான் விக்காங்க, கேட்டு வாங்குங்க.

கேள்வி: ஆபீஸ்ல கழிச்சுப்போட்ட ஃபோர்டிநெட் ஃபயர்வால் பெட்டி மலிவா வருது.
- வாசகர், தென்காசி

பதில்: விட்டுருங்க. அதுல வேற ஓஎஸ் ஏத்த முடியாது, லைசென்ஸ் முடிஞ்சுட்டா அப்டேட்டும் வராது, அப்டேட் இல்லாத ஃபயர்வால வாசல்ல வைக்கதுக்கு வைக்காமலே இருக்கலாம். சோபோஸ் கம்பெனி ஃபயர்வால்ல எஸ்ஜி, எக்ஸ்ஜி வரிசையில சின்னப்பெட்டி கெடைச்சா பாருங்க, பலதுல உள்ள இருக்கது சாதாரண இன்டெல் போர்டுதான், ஓபிஎன்சென்ஸ் ஏறும். ரேக்குல மாட்டுத தட்டை மாடல் மட்டும் வேண்டாம், அந்த ஃபேன் சத்தத்துல வீட்டுல ஒருத்தரும் தூங்க முடியாது.

கேள்வி: ஏஇஎஸ்-என்ஐ (என்கிரிப்ஷன் வேலைய வேகமா செய்யுத வசதி) இல்லாத பிராசசர்னா வாங்கவே கூடாதுங்காங்களே?
- வாசகர், சங்கரன்கோவில்

பதில்: அது 2017ல கிளம்பின பேச்சு. பிஎஃப்சென்ஸ் 2.5ல இருந்து அது கட்டாயம்னு அறிவிச்சாங்க, 2019ல அவங்களே வாபஸ் வாங்கிட்டாங்க, பயம் மட்டும் இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. நெட்டுக்குள்ள பூட்டின தனிப்பாதை போடுத விபிஎன்ல, ஓபன்விபிஎன் நிறைய ஓட்டினாத்தான் அது வேணும். இன்னொரு விபிஎன்னான வயர்கார்டு அத தொடுறதே இல்ல, சும்மா நெட்டு பாக்கதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனா இன்டெல் ஜே1900 பிராசசர் போட்ட ஃபேன் இல்லாத பெட்டிய ஃபயர்வாலுக்குன்னே விக்காங்க, அதுல இது இல்லங்கத தெரிஞ்சு விலை பேசுங்க.

கேள்வி: பழைய வைஃபை ரூட்டர்லயே ஓபன்டபிள்யூஆர்டிங்குத மாத்து சாஃப்ட்வேர் போட்டா பத்தாதா? இதுக்கு ஒரு கம்ப்யூட்டரா?
- வாசகர், வள்ளியூர்

பதில்: பல வீட்டுக்குப் பத்தும், உண்மையச் சொன்னா பாளையங்கோட்டைக்காரருக்கே பத்தும். 100 எம்பிபிஎஸ், கேமராவுக்குத் தனி நெட்வொர்க், வயர்கார்டு எல்லாம் அந்தக் குட்டி ரூட்டரே பாத்துக்கிடும், கரண்டும் 10 வாட்டுக்கு உள்ளதான். ஆனா ஃபிளாஷ் 4 எம்பி, ரேம் 32 எம்பி உள்ள சவத்தை ஓசியில தந்தாலும் வாங்காதீய, புது வெர்ஷன் அதுல ஏறாது. 16 எம்பி, 128 எம்பி இருந்தா நல்லது. பேரு ஒண்ணா இருந்தாலும் அடியில ஒட்டியிருக்க வெர்ஷன் நம்பர் மாறினா உள்ள சிப்பே மாறிரும், அந்த நம்பர் ஓபன்டபிள்யூஆர்டி லிஸ்ட்ல இருக்கான்னு பாத்துட்டுக் காச குடுங்க. எப்பவாவது கம்ப்யூட்டருக்கு மாறினாலும் இத தூக்கிப் போட வேண்டாம், டிஎச்சிபிய (ஒவ்வொரு போனுக்கும் ஐபி குடுக்குத வேலை) ஆஃப் பண்ணிட்டு லேன் போர்ட்ல வயர மாட்டினா வைஃபை குடுக்க இதுவே ஆகும்.

கேள்வி: எல்லாம் போட்டாச்சு அண்ணாச்சி, ஆனா துபாய்ல இருக்க மகன் வீட்டுக் கேமராவ பாக்க முடியல. வெளிய இருந்து வர்ற இணைப்ப கேமராவுக்குத் திருப்பிவிடுத போர்ட் ஃபார்வர்டும் பண்ணியாச்சு.
- வாசகர், மேலப்பாளையம்

பதில்: உங்க ரூட்டர்ல வேன் ஐபி, அதான் நெட்டு வர்ற பக்கத்து முகவரி, என்னன்னு பாருங்க. 100.64ல இருந்து 100.127 வரைக்கும் எதுலயாவது ஆரம்பிச்சா அது சிஜிநாட், கம்பெனிக்காரன் ஒரே ஐபிய பல வீட்டுக்குப் பங்கு வச்சிருக்கான். எம்புட்டு நல்ல பெட்டி வாங்கினாலும் வெளிய இருந்து உள்ள வர வழி இல்ல. தனி ஐபி காசு கட்டிக் கேக்கலாம், இல்லன்னா டெய்ல்ஸ்கேல் மாதிரி வீட்டுல இருந்து வெளிய போயி இணைக்க விபிஎன் போடுங்க, மகன் போன்லயும் அதப் போட்டா பாக்கலாம். கேமராவ நேரா இன்டர்நெட்டுக்குத் தொறந்துவிடுத யோசனைய அப்பிடியே விட்டுருங்க, அது நல்லதுக்கில்ல. ஆமா, ஃபைபர் கம்பெனி குடுத்த பெட்டி பிரிட்ஜ் மோடுல (ரூட்டர் வேலை பாக்காம சும்மா கடத்திவிடுத நிலை) இருக்கான்னும் பாத்துக்கிடுங்க, இல்லன்னா ரெண்டு தடவ நாட், அதான் ஐபி மாத்துத வேலை, ஆகும்.

கேள்வி: இங்க கரண்டு போயிட்டுப் போயிட்டு வரும், ஐப்பசி ஆனா இடி வேற. பழைய பெட்டி தாங்குமா?
- வாசகர், திசையன்விளை

பதில்: இன்ஸ்டால் பண்ணும்போது டிஸ்க்ல ஃபைல் வைக்குத முறையா இசட்எஃப்எஸ் எடுங்க, திடீர்னு கரண்டு போனா யூஎஃப்எஸ்ஸவிட தாங்கும். பையாஸ்ல கரண்டு வந்ததும் தானா ஆன் ஆகுத செட்டிங்க போடுங்க, அதுக்கு முன்னாடி உள்ள இருக்க சிஆர்2032 பேட்டரிய மாத்துங்க, பழைய பெட்டியில அது செத்துத்தான் கெடக்கும், செத்துருந்தா போட்ட செட்டிங் நிக்காது. உங்க பக்கம் கடல் காத்து, வாங்கும்போதே லேன் போர்ட் உள்ள கம்பி பச்சை பூத்திருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ஃபைபர் வழியா இடி இறங்காது, மாடிக் கேமராவுக்குப் போகுத செம்பு வயர் வழியா இறங்கும், அதனால கேமரா வயர நேரா நாலு போர்ட் கார்டுல மாட்டாதீய, நடுவுல ஒரு மலிவு ஸ்விட்ச் வைங்க, போனா முதல்ல அது போகட்டும். வானம் கறுத்தா அந்த ஸ்விட்ச்ச பெட்டியில இருந்து கழட்டிப் போட்டுருங்க.