தண்ணீர் கூடினாலும் மோல் கூடாது

சுங்கை சிப்புட்டில் படிவம் 4 படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி: "சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம். ஆனால் கரைசல் கணக்கு வந்தால் எதைப் போடுவது என்று குழம்பிவிடுகிறேன். எப்படிப் பழகுவது?"

தம்பி, சூத்திரத்தைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். எந்தக் கணக்கானாலும் முதலில் ஒன்றைத்தான் கேட்க வேண்டும்: இதில் எத்தனை மோல் இருக்கிறது? (மோல் என்பது டஜன் மாதிரி, ஒரு பொருளின் துகள்களை எண்ணும் அலகு.) பள்ளியில் 'கெமோலாரான்' என்று படிக்கிறீர்களே, அது ஒரு லிட்டர் கரைசலில் உள்ள மோல்தான், வேறொன்றுமில்லை.

தோட்டத்தில் வேலை பார்த்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ரப்பர் பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலத்தில் தண்ணீர் கலந்துதான் ஊற்றுவார்கள். தண்ணீர் சேர்ந்ததால் அமிலம் குறைந்துவிடவில்லை. அதே அமிலம் பெரிய வாளியில் பரவிக் கிடக்கிறது, அவ்வளவுதான். (கலக்கும்போது அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் சூடேறித் தெறிக்கலாம். கந்தக அமிலம் என்றால் நிச்சயம் விளையாடக் கூடாது.)

சரி, ஒரு கணக்கு. 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைக் கரைத்து 250 மில்லி கரைசலாக்குகிறோம். அதன் ஒரு மோல் 40 கிராம். ஆக, நம்மிடம் இருப்பது 0.1 மோல். 250 மில்லி என்பது 0.25 லிட்டர்; 0.1ஐ 0.25ஆல் வகுத்தால் லிட்டருக்கு 0.4 மோல். இங்கே 250ஆல் வகுத்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு.

இதிலிருந்து 50 மில்லி எடுத்து, தண்ணீர் விட்டு 200 மில்லியாக்குங்கள். எடுத்தது 0.02 மோல். தண்ணீர் விட்ட பிறகும் அதே 0.02தான். 0.2 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 0.1 மோல். கேள்வியில் '200 மில்லியாக்கு' என்றிருக்கிறதா, '200 மில்லி தண்ணீர் சேர்' என்றிருக்கிறதா என்று நிதானமாகப் படியுங்கள். இரண்டாவதென்றால் மொத்தம் 250 மில்லி, விடையே மாறிவிடும்.

அப்புறம் வினை. இந்த நீர்த்த கரைசலில் 25 மில்லியை நடுநிலையாக்க, லிட்டருக்கு 0.1 மோல் கந்தக அமிலம் எவ்வளவு வேண்டும்? காரம், அதாவது நம் சோடியம் ஹைட்ராக்சைடு, 0.0025 மோல். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு 25 மில்லி என்று எழுதிவிடுகிறார்கள். சமன் செய்த சமன்பாட்டைப் பாருங்கள்: இரண்டு மோல் காரத்துக்கு ஒரு மோல் கந்தக அமிலம் போதும். அப்படியானால் அமிலம் 0.00125 மோல், அது 12.5 மில்லியில் கிடைத்துவிடும்.

கந்தக அமிலத்துக்குப் பதில் அதே செறிவில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று வைத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். அப்போது 25 மில்லி வந்தால் சரி.