மளிகைக் கடையில் கிடைத்த லிஃப்ட் டிக்கெட்

கேள்வி: அமெரிக்காவில் பனிச்சறுக்கு மலைகளைப் பெரிய நிறுவனங்கள் வாங்கிய பிறகு ஒருநாள் டிக்கெட் விலை இப்படி ஏறியது ஏன்? முன்பு இருந்த தள்ளுபடிகள் என்ன ஆயின? அடுத்த குளிர்காலத்தில் குடும்பத்தோடு டென்வர் வருகிறோம். செலவைக் குறைக்க வழி உண்டா?

வேலை நிமித்தம் நான் கொலராடோ மாநிலத்து டென்வர் புறநகருக்குக் குடிவந்தது 2005-இல். பனியை முதன்முதலில் கையால் தொட்டதும் அந்த ஆண்டுதான். அலுவலக நண்பர்கள் மலைக்கு இழுத்துப் போய்க் காலில் சறுக்குப் பலகையை மாட்டிவிட்டார்கள். அன்று பிடித்த பித்து இன்னும் தெளியவில்லை. இருபது குளிர்காலமாகக் கைக்காசைக் கொடுத்துச் சறுக்கியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

என் பழைய சறுக்குச் சட்டை இன்னமும் அலமாரியில் தொங்குகிறது. அதன் ஜிப்பில் மெல்லிய கம்பி வளையம் ஒன்று, அந்த வளையத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து ஒட்டிய காகித டிக்கெட்டுகள் ஏழெட்டு. அந்தக் காலத்தில் எல்லோருடைய சட்டையும் அப்படித்தான் இருக்கும். யார் எத்தனை நாள் சறுக்கினார்கள் என்பதை, மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டின் வரிசையில் நின்றபடியே எண்ணிவிடலாம். என்னிடம் இருப்பவற்றில் பாதிக்கு மேல் மளிகைக் கடையில் வாங்கியவை. சனிக்கிழமை மலைக்குப் போவதென்றால் வெள்ளிக்கிழமை மாலை பாலும் ரொட்டியும் வாங்கும் கையோடு, கடையின் சேவைக் கவுண்ட்டரில் லிஃப்ட் டிக்கெட்டையும் வாங்கிக்கொள்வோம். மலையடிவாரத்தில் கேட்கும் விலையைவிட அது குறைவாக இருக்கும்.

அந்தக் குறைவு யாரும் மனமிரங்கிக் கொடுத்ததல்ல. டென்வரிலிருந்து மேற்கே இரண்டு இரண்டரை மணி நேரத்துக்குள் லவ்லாண்ட், அரப்பாஹோ பேசின், கீஸ்டோன், பிரெக்கன்ரிட்ஜ், காப்பர், விண்ட்டர் பார்க், வேல் என்று மலைகள் வரிசையாக இருக்கின்றன. விமானத்தில் வந்து ஒரு வாரம் தங்குகிறவர் கவுண்ட்டரில் சொன்ன விலையைக் கொடுத்துவிடுவார், அவருக்கு வேறு வழியில்லை. உள்ளூர்க்காரரோ இங்கே விலை ஏறினால் அடுத்த மலைக்கு வண்டியைத் திருப்பிவிடுவார். அவரைப் பிடித்து வைக்கத்தான் மளிகைக் கடை டிக்கெட்டும், கூப்பன்களும், நான்கு நாள் சேர்த்து வாங்கினால் மலிவு என்ற திட்டங்களும் இருந்தன.

ஆகவே அடுத்தடுத்த மலைகள் ஒரே முதலாளியிடம் போனால் முதலில் அடிபடுவது இந்தத் தள்ளுபடிதான். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல, அமெரிக்க அரசின் நீதித்துறை அமைச்சகமே நீதிமன்றத்தில் சொன்னது. வேல் மலையை நடத்தும் நிறுவனம் கீஸ்டோன், பிரெக்கன்ரிட்ஜ், அரப்பாஹோ பேசின் மூன்றையும் ஒன்றாக வாங்க ஒப்பந்தம் போட்டபோது, 1997 ஜனவரியில் நீதித்துறை குறுக்கே நின்றது. டென்வர் பகுதி மக்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடிகள் சுருங்கி, அவர்கள் கொடுக்கும் விலை ஏறும் என்பதே அதன் வாதம். அரப்பாஹோ பேசினை வேறொருவருக்கு விற்றுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு மற்ற இரண்டும் வேல் கைக்குப் போயின. விற்கப்பட்ட அந்த மலை பிறகு பல ஆண்டுகள் வேல் நிறுவனத்தின் சீசன் பாஸிலேயே, அதாவது பருவம் முழுவதற்கும் சேர்த்து விற்கும் சீட்டிலேயே, சேர்ந்திருந்தது. கூட்டமும் வண்டி நிறுத்தும் நெருக்கடியும் தாங்காமல் 2019-இல் அதிலிருந்து விலகியது. 2024-இல் அதை வாங்கியது யார் தெரியுமா? இன்னொரு பெரிய நிறுவனமான ஆல்டெரா. போட்டி நிலைக்கட்டும் என்று அரசாங்கம் பிரித்து வைத்த மலையின் கதை அங்கே போய் முடிந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

மலிவான சீசன் பாஸைப் பெரிய நிறுவனங்கள்தாம் கண்டுபிடித்தன என்று பலர் நினைக்கிறார்கள். 1998-லேயே ஐடஹோ மாநிலத்தில் லாப நோக்கமில்லாமல் நடக்கும் போகஸ் பேசின் என்ற மலை, 500 டாலர் அளவில் இருந்த தன் பாஸை 199 டாலருக்கு இறக்கியது. ஜனம் அள்ளிக்கொண்டு போனது. அதே ஆண்டு கொலராடோவில் விண்ட்டர் பார்க், நான்கு பேர் சேர்ந்து வாங்கினால் தலைக்கு 200 டாலர் என்று அறிவித்தது. பக்கத்து மலைகளும் வேறு வழியின்றி விலையைக் குறைத்தன. அந்த மலிவுக்குக் காரணம் மலைகளுக்கிடையே இருந்த போட்டி.

வேல் ரிசார்ட்ஸ் செய்தது அதற்கு அடுத்த படி. ராப் கட்ஸ் தலைமையில் 2008-இல் எபிக் பாஸ் வந்தது. விலை 579 டாலர். நிறுவனத்தின் எல்லா மலைகளிலும் எத்தனை நாள் வேண்டுமானாலும் சறுக்கலாம். ஒரே நிபந்தனை: பனி விழுவதற்கு முன்பே பணம் கட்டிவிட வேண்டும். மற்ற எல்லாமே இந்த ஒரு நிபந்தனையிலிருந்துதான் கிளைக்கிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

பனிச்சறுக்கு மலை நடத்துவது மானாவாரி விவசாயம் போன்றது. லிஃப்டுகளுக்கும் பனியைச் சமன் செய்யும் இயந்திரங்களுக்கும் கோடிக்கணக்கில் செலவு. பனி பொய்த்தால் அந்த ஆண்டு வருமானம் போயிற்று. பழைய முறையில், நல்ல பனி விழுந்தது என்று செய்தியில் பார்த்த பிறகுதான் நாங்கள் டிக்கெட் வாங்குவோம். பனி இல்லாத ஆண்டில் வீட்டில் இருந்துவிடுவோம். நட்டம் மலைக்காரருடையது. பாஸ் வந்த பிறகு அது தலைகீழானது. ஏப்ரலிலும் ஆகஸ்ட்டிலும் பணம் கைக்கு வந்துவிடுகிறது; டிசம்பரில் பாறை தெரிந்தாலும் அது பாஸ் வாங்கியவர் பாடு. பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனத்துக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு ஒப்பிக்க வேண்டிய நிறுவனத்துக்கு, இதைவிடப் பெரிய வரம் கிடையாது. இன்று அந்த நிறுவனத்தின் மலைகளுக்கு வரும் வருகைகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு முன்கூட்டியே பணம் கட்டியவர்களுடையது. அந்த முன்பணத்துக்கு ஈடாகத்தான் நமக்குத் தள்ளுபடி. மளிகைக் கடையில் வெள்ளிக்கிழமை மாலை கிடைத்த அதே தள்ளுபடி, ஏப்ரல் மாதத்துக்கு நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் ஒருநாள் டிக்கெட் ஏன் ஏற வேண்டும்? பாஸ் வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று வாங்குபவர் மனத்தில் பட வேண்டுமே! 1962 டிசம்பரில் வேல் மலை திறந்த நாளில் டிக்கெட் 5 டாலர். விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்தால் இன்றைக்கு ஐம்பது சொச்சம். எபிக் பாஸ் வந்த பருவத்தில் வேல் மலையின் உச்சகட்ட நாள் விலை நூறு டாலருக்குச் சற்றுக் கீழே இருந்தது. ஆறு நாள் சறுக்கினால்தான் பாஸுக்குக் கொடுத்த பணம் ஈடாகும். 2025-26 பருவத்துக்கு பாஸ் தொடக்க விலை 1,051 டாலர், அதே மலையில் உச்சகட்ட நாள் டிக்கெட் 350 டாலருக்கு மேல். இப்போது மூன்றே நாளில் ஈடாகிவிடும். பாஸ் விலை பதினேழு ஆண்டுகளில் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, ஒருநாள் டிக்கெட் மூன்றரை மடங்குக்கு மேல் போய்விட்டது. செலவு கூடியதால் மட்டும் விலை ஏறியிருந்தால் இரண்டும் ஒன்றாக அல்லவா ஏறியிருக்க வேண்டும்?

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது சிறிய மலைகளை அவர்கள் வாங்கிய விதம். 2012-இல் மினியாப்பொலிஸ் அருகில் ஆஃப்டன் ஆல்ப்ஸையும், டெட்ராய்ட் அருகில் மவுன்ட் பிரைட்டனையும் வேல் வாங்கியது. நூறு மீட்டர் அளவில் நின்றுவிடும் மேடுகள் எதற்கு என்று அப்போது பலர் வியந்தார்கள். அங்கே பள்ளி முடிந்து மாலையில் சறுக்கும் குடும்பத்தின் கையில் எபிக் பாஸைக் கொடுத்துவிட்டால், ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் பெரிய விடுமுறைக்கு அவர்கள் கொலராடோவுக்குத்தான் வருவார்கள். பார்க் சிட்டி, விஸ்லர், ஸ்டோவ் என்று பெரிய மலைகளும் அடுத்தடுத்துச் சேர்ந்தன. 2017-இல் ஆல்டெரா உருவாகி, மறு ஆண்டே ஐகான் பாஸை விற்கத் தொடங்கியது. இன்று அமெரிக்காவின் பெயர்பெற்ற மலைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு பாஸ்களில் ஒன்றில் இருக்கின்றன.

நியாயமாகச் சொன்னால், எனக்கு இதனால் லாபம்தான். ஆண்டுக்குப் பதினைந்து நாளாவது போகிறேன். நாள் கணக்கில் பார்த்தால் 2005-இல் கொடுத்ததைவிட அதிகமாக இப்போது கொடுக்கவில்லை. பாஸை எதிர்த்துப் பேசும் நண்பர்களிடம் இதை மறைக்காமல் சொல்வேன். ஆனால் அந்த லாபத்துக்கான பணம் யாரிடமிருந்து வருகிறது என்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் கடைசியில் என் தங்கை குடும்பம் திருச்சியிலிருந்து வந்திருந்தது. வருவது உறுதியானதே நவம்பர் இறுதியில்தான், விசா அப்போதுதான் கிடைத்தது. பாஸ் விற்பனை டிசம்பர் தொடக்கத்தோடு முடிந்துவிடும் என்பதை வேலை நெருக்கடியில் நான் மறந்துபோனேன். மலையின் பெயர் வேண்டாம். கவுண்ட்டரில் ஒருவருக்கு 200 டாலருக்கு மேல் கேட்டார்கள். அவர்கள் மூவருக்கும் டிக்கெட், பலகை, காலணி வாடகை, ஒரு வகுப்பு என்று கூட்டிக்கொண்டே போனால் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. மாப்பிள்ளை முகம் மாறியதைப் பார்த்தேன். நான் கட்டுகிறேன் என்று சொன்னதற்குத் தங்கை கண்ணாலேயே வேண்டாம் என்றாள். பதினொரு வயது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, நீங்கள் சறுக்கிவிட்டு வாருங்கள். நான் இங்கேயே நின்று பார்க்கிறேன்” என்றாள். என் சட்டைப் பையில் பாஸ் அட்டை இருந்தது. கதவருகே போய் நின்றாலே திறந்துவிடும். அன்று நான் லிஃப்டில் ஏறவில்லை.

அவள் இடத்தில்தான் 2005-இல் நான் நின்றேன். அன்றைக்கு என்னிடம் இன்றைய கணக்கில் 200 டாலர் கேட்டிருந்தால் நான் இந்த விளையாட்டுக்குள் வந்திருக்கவே மாட்டேன். ஏப்ரலிலேயே பாஸ் வாங்குவதற்கு, இந்த விளையாட்டு தனக்குப் பிடிக்கும் என்பது ஒருவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். புதிதாக வருபவருக்கு அது எப்படித் தெரியும்? பெரிய நிறுவனங்களின் விலைமுறையில் எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான்.

பாஸை மலிவாக்கினாலும் சிக்கல் வரத்தான் செய்கிறது. 2021-இல் வேல் தன் பாஸ்களின் விலையை 20 சதவீதம் குறைத்தது. எபிக் பாஸ் 783 டாலருக்கு வந்தது. அந்தப் பருவத்துக்கு விற்றவை சுமார் 21 லட்சம். மலைகளில் வேலைக்கு ஆள் போதவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்டீவன்ஸ் பாஸ் என்ற பெயருள்ள மலையில் பல லிஃப்டுகள் ஓடாமல் நிற்க, சரிசெய்யக் கோரிய மனுவில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அடுத்த பருவத்தில் நெரிசலைக் குறைக்க வரம்பு வைத்தார்கள், எதற்கு? ஒருநாள் டிக்கெட்டின் எண்ணிக்கைக்கு.

அண்மையில் காற்று சற்றுத் திரும்பியிருக்கிறது. பாஸ் விற்பனை எண்ணிக்கை குறையத் தொடங்கிய நிலையில் 2025 மே மாதம் கட்ஸ் மீண்டும் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பாஸ் வைத்திருப்பவர்கள் அழைத்துவரும் நண்பர்களுக்கு ஒருநாள் டிக்கெட்டில் பாதி விலை என்ற சலுகை அந்தப் பருவத்துக்கு அறிவிக்கப்பட்டது. தங்கை வந்த ஆண்டில் இது இருந்திருந்தால் என்ற எண்ணம் வராமல் இல்லை.

உங்கள் பயணத்துக்கு வருகிறேன். நாள் உறுதியானதும், செப்டம்பருக்குள், ஒருநாளுக்கோ இரண்டு நாளுக்கோ மட்டும் செல்லும் பாஸை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கவுண்ட்டர் விலையில் பாதிக்கும் கீழே முடிந்துவிடும். பயணம் உறுதியில்லை என்றால் பெரிய பெயர்களை விட்டுவிடுங்கள். லவ்லாண்ட் இன்றும் தனி மலைதான். லெட்வில் ஊருக்கு அருகே ஸ்கி கூப்பர் மாவட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானது. முதல்முறை சறுக்குபவர்களுக்கு ஏற்ற மெல்லிய சரிவுகள் அங்கே நிறைய. தொலைவு பரவாயில்லை என்றால் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸில் ஹவல்சன் ஹில் இருக்கிறது. 1915-லிருந்து நடக்கும் நகராட்சி மலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டணமில்லாமல் சறுக்க அங்கே ஏற்பாடு உண்டு. புறப்படும் முன் அந்தப் பருவத்துக்கான அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மறு வாரமே தங்கை மகளை நான் ஒரு சிறிய மலைக்குத்தான் அழைத்துப் போனேன். மாலை நான்கு மணிக்கு லிஃப்ட் நிற்கும்வரை அவளைக் கீழே இறக்க முடியவில்லை.

குழந்தைகளுக்குக் கையுறை இரண்டிரண்டு ஜோடி எடுத்து வாருங்கள். ஒன்று காலை பத்து மணிக்குள் நனைந்துவிடும்.